நான்காம் நாற்காலியின் மணி

நம்பினால் நம்புங்கள். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் நான் நர்ஸாக இருக்கும் மருத்துவமனையில், பட்டப்பகலில் நடந்தது இது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாக இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களை எங்கள் வார்டில் சாய்வு நாற்காலியில் உட்கார வைப்போம். மணிக்கட்டில், ரத்தம் கசியாமல் அழுத்திப் பிடிக்கும் காற்றடைத்த பட்டை இருக்கும். கால் மணிக்கு ஒருமுறை போர்வையை விலக்கிக் கையைப் பார்த்து, சார்ட்டில் டிக் போட வேண்டும். நான் ஒரு மணி நேரத்துக்கான நான்கு டிக்கையும் முதலிலேயே போட்டுவிடுவேன். வேலை மிச்சம்.

ஆறு மாதத்துக்கு முன், மதியம் இரண்டு மணி, நான்காம் நாற்காலியில் கிளெம். படகு எஞ்சின் மெக்கானிக்.

"கை இறுகுது, கண்ணு."

"எஞ்சினே உங்களப் பாத்து அழும். இதுக்குப் போய் முனகுறீங்க?"

அழைப்பு மணியை அவர் வலது கையில் திணித்துவிட்டுப் போனேன். பட்டை கட்டிய அதே கை. மரத்துப்போன விரலால் எப்படி அழுத்துவார்? மூன்று மணிக்குத்தான் போர்வையை விலக்கினேன். உள்ளே ரத்தம் கசிந்து முன்கை கல்லாகியிருந்தது. அறுத்துத் திறந்தார்கள். கை தங்கியது, விரல்கள் அசையாமல் போயின. விசாரணையில் சார்ட்டைப் பார்த்தார்கள். என் டிக்குகள் ஒழுங்காக இருந்தன. நான் வாயே திறக்கவில்லை.

போன மாதம், ஒரு வியாழக்கிழமை.

மதியம் 2.15. நான்காம் நாற்காலியின் மணி அடித்தது. நாற்காலி காலி. அணைத்தேன்.

2.30. மறுபடியும்... பொத்தானைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

2.45. ஒயரையே பிடுங்கினேன்.

க்ணிங்... க்ணிங்...

நிற்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் சால்வோ, கரும்பு விவசாயி, தூங்கிக்கொண்டிருந்தார். அவர் சார்ட்டில் 2.45-க்கான என் டிக் ஏற்கெனவே இருந்தது.



போர்வையை விலக்கினேன்.

முழங்கை வரை வீக்கம்...

மணி நின்றது.

சால்வோவின் கை பிழைத்தது.

அடுத்த வாரம் கிளெமின் மனைவி நோலா வந்தார். கையில் ஒரு டப்பா பிஸ்கட்.

"கிளெம் போயிட்டாரும்மா. வியாழக்கிழமை மத்தியானம்."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டே முக்காலுக்கு. அந்த வலது கை ஆறு மாசமா அசையவே இல்ல. அன்னிக்குக் கட்டைவிரல் மட்டும் எதையோ அழுத்துச்சு. கால் மணிக்கு ஒருதரம். மூணாவது தரம் விடவே இல்ல..."

டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"நீ நேரம் தவறாம வந்து பாத்தியாமே. சார்ட்ல இருந்துச்சாம். அதுக்குத்தான் இது."

டப்பாவை வாங்கிக்கொண்டேன்.