ஒரு செம்புத் தண்ணீர்

நனைந்த ஆட்டுத்தோலின் வாடை எழுந்தால்தான் எங்கள் வீட்டில் சித்திரை பிறந்ததாக அர்த்தம். திருவிழாவில் ஆற்றில் இறங்கும் அழகர்மேல் தண்ணீர் பீய்ச்ச அப்பா வைத்திருந்த "தோப்பறை" என்னும் தோல்பை அது. அரைக்குடம் கொள்ளும், தோளில் மாட்டினால் ஆளையே ஒருபக்கம் சாய்க்கும். இருபது வருஷ நேர்த்திக்கடன், ஒரு வருஷம்கூட விட்டதில்லை.

அப்பா தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்றது எழுபதுகளின் கடைசியில். எனக்குப் பன்னிரண்டு வயது. மூக்குப்பொடி போட்டுத் தும்மும்போதெல்லாம் அவர் கை வேட்டிக்குமேல் தொடையிடுக்கை அழுத்துவதை அம்மா கவனித்துவிட்டாள். எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். ஆறு மாதமாக மறைத்திருக்கிறார் மனுஷர்.

"வலியே இல்ல, இதுக்கு எதுக்கு டாக்டரு?" என்றார். சொன்னால் தோப்பறையைப் பிடுங்கிவிடுவோம் என்ற பயம்தான், வேறென்ன.

அம்மா விடவில்லை. இருமச் சொல்லியும் படுக்க வைத்தும் பார்த்த டாக்டர், திரைக்கு இந்தப்பக்கம் நின்ற எங்களுக்கும் கேட்கும்படிச் சொன்னார்: "குடலிறக்கம். படுத்தா தானா உள்ள போயிருது, அதனால ஆபரேஷனுக்கு அவசரமில்ல. ஆனா உள்ள போகாம இறுகிப்போயி, வலியோ வாந்தியோ வந்துச்சுன்னா அந்த நிமிஷமே வந்துரணும். பொடி கூடாது, பாரமும் தூக்கக் கூடாது."

"அழகருக்குத் தண்ணி பீச்சலாமாய்யா?"

"எம்புட்டு?"

"அரைக்குடம்."

"ஒரு செம்பு. அதுக்கு மேல கூடாது."

"அது காக்கா குளிக்கக்கூடக் காணாதேய்யா," என்று அப்பா முனகினார். டாக்டர் இறங்கி வரவில்லை.

பொடிமட்டையை அன்றே சாக்கடையில் வீசினார். அதற்காகவே அவருக்கு ஒரு மாலை போட்டிருக்கலாம். அம்மா, குழந்தைகளின் வேண்டுதலுக்கு விற்கும் குட்டித் தோப்பறையை வாங்கி வந்தாள். முறுக்கிய மீசையும் பட்டுக் குல்லாவுமாக அப்பா அதை மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கியபோது, "என்ன மாப்ள, இன்னும் பால்குடி மறக்கலையா?" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா பையின் பீச்சுங்குழாயைச் சரிபார்த்துக்கொண்டார்.

வெயில் ஏறியது. அழகர் வருகிறார், வருகிறார் என்று இரண்டு முறை பொய்க்கூச்சல் எழ, பெரிய பை வைத்திருந்தவர்கள் எல்லாம் ஆவேசத்தில் பீய்ச்சித் தீர்த்துவிட்டார்கள். ஒரு செம்பை வைத்துக்கொண்டு வீணடிக்க முடியுமா? அப்பா குழாயின் வாயை விரலால் பொத்தியபடியே நின்றார். அழகரின் தங்கக் குதிரை நிஜமாகவே கிட்ட வந்தபோது அந்தப் பக்கம் தண்ணீர் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அத்தனையும் நேராக அழகரின் மாலையில் போய் விழுந்தது. "மாப்ள ஜெயிச்சுட்டாருடா!" என்று சிரித்த வாய்களே கத்தின. அப்போது எனக்கு வந்த பெருமை, பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட வந்ததில்லை.

அப்புறம் எட்டு சித்திரை அதே ஒரு செம்புதான். வீக்கம் பெரிதானதும் வீம்பு பிடிக்காமல் ஆபரேஷனும் செய்துகொண்டார்.

இப்போது ஆற்றில் பிளாஸ்டிக் பம்புகள் ஏராளம். அந்தத் தோல் வாடை தேடினால்தான் கிடைக்கிறது. போன மாதம் என் வீட்டுக்காரர் இருமும்போது அவர் கையும் அதே இடத்துக்குப் போவதைப் பார்த்தேன்.

"வலியே இல்லம்மா," என்றார்.

"அதான் இப்பவே போறோம். செருப்பப் போடுங்க," என்றேன்.