ஆறு மணியை எடுத்துக்கொண்டு போன நாள்

ஒரே இடத்தில் அசையாமல் உட்காரச் சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே எழுந்து ஒரு நடை போய்விட்டு வருவேன். ஆபீஸ் மீட்டிங்கில் எல்லோரும் நாற்காலியில் இருக்க நான் மட்டும் சுவரோரம் நிற்பேன். பாவம், மூட்டுக்காக நிற்கிறாள் என்று உடன் வேலை செய்பவர்கள் இரக்கப்படுகிறார்கள். மூட்டும் ஒரு காரணம்தான். ஆனால் நான்காம் வகுப்பு படிக்கும்போது ஆவடியில் ஒரு முகாமில் உட்கார்ந்து தொலைத்த அந்த அரைநாள்தான் பெரிய காரணம்.

எங்கள் வீடு மேனாம்பேட்டில் இருந்தது. எனக்குச் சின்ன வயதிலேயே மூட்டுவாதம் வந்துவிட்டது. அது வயசானவங்களுக்கு வர்றதாச்சே என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே அம்மாவுக்கு வெறுத்துப்போயிருந்தது. இந்த நோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காலையில் எழும்போது முழங்காலும் கணுக்காலும் இறுகிக் கிடக்கும். மடங்காது, நீளவும் செய்யாது. அசைய அசையத்தான் இளகும். அம்மா விடியும்போதே வெந்நீரில் துண்டை நனைத்து என் முழங்காலில் சுற்றுவாள். மாத்திரை கொடுப்பாள். பிறகு இரண்டு கைகளையும் பிடித்துத் தெருக்கோடிவரை இழுத்துக்கொண்டு நடப்பாள். "நட, நட, நின்னா புடிச்சிக்கும்" என்று அவள் சொல்ல, நான் ஊரைக் கூட்டி அழ, தெருவே அதைக் கேட்டுத்தான் கண் விழித்தது.

பத்து மணிக்கு மேல் என்னைப் பார்க்கிற யாரும் எனக்கு நோய் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அப்போது மதில் ஏறிக்கொண்டிருப்பேன். "காலைல கெய்வி, மத்தியானம் கொரங்கு" என்பார் மாமா. அம்மாவின் தம்பி, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். எந்த ஆபீஸில் எந்த ஜன்னலில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தனக்குத் தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

அம்மா அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கே எட்டு மணிக்கு மெஷினில் உட்கார்ந்தாக வேண்டும். என் கால் எட்டு மணிக்கு இளகியதில்லை. அதனால் வேலையை விட்டாள். திருமழிசையில் லேத் ஓட்டிய அப்பாவின் சம்பளத்தில் வீடும் நடந்தது, என் ஊசி மருந்துச் செலவும் நடந்தது. இரண்டும் நொண்டி நொண்டித்தான் நடந்தன. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கிவிட்டால் மாதாமாதம் உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் காசில்லாமல் போய்வரலாம் என்று யாரோ சொன்னதிலிருந்து அம்மாவுக்கு அதே நினைப்பு. அட்டைக்கு முதலில் டாக்டர் சான்றிதழ் வேண்டும்.

அதற்காக ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூப்பிடுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. காத்திருந்து அலுத்துப்போய், சக்கர நாற்காலிக்காகக் கட்டியிருந்த சரிவுப் பாதையில் நான் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தபோது டாக்டரே வெளியே வந்துவிட்டார். "இந்தப் பொண்ணுக்கா சான்றிதழ்?" என்று சிரித்தார். கையால் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறாள் என்று அனுப்பிவைத்தார். டாக்டரே நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாரே என்று எனக்கு ஒரே பெருமை. அம்மா ஏன் வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை என்று நான் யோசிக்கவில்லை.

ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இதே சான்றிதழுக்குச் சிறப்பு முகாம் நடக்கிறது என்று சேதி வந்தது. அதற்கு முந்தின நாள் மாமா வந்து உட்கார்ந்தார்.

"டாக்டரு மேல தப்பு இல்லக்கா. அவரு பாக்கறது பன்னண்டு மணி பாப்பாவ. ஆறு மணி பாப்பாவ அவரு பாத்ததே இல்ல. ஆறு மணிக்கு அவரு நம்ம ஊட்டுக்கு வரப்போறாரா? நாமதான் ஆறு மணிய அங்க எடுத்துகினு போவணும்."

"இன்னாடா ஒளர்ற?"

"வெந்நி கெடையாது, மாத்திர கெடையாது, நட கெடையாது. அப்டியே தூக்கினு போறோம், குந்த வெக்கறோம், கூப்ட்டா அவரு முன்னாடி எறக்கி உடறோம். பொய்யா சொல்றோம்? கீறத காட்றோம், அவ்ளோதான்."

"கொயந்தைக்கு வலிக்குமேடா" என்றாள் அம்மா.

"தெனமுந்தான் வலிக்குது. ஒரு நாளாவது யாராவது பாக்கட்டுமே."

படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: நாளைக்கு நடக்கவேண்டாம். தீபாவளி வந்த மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஆட்டோ பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதற்குள் தீர்ந்துவிட்டது. மாமா என்னை அரிசி மூட்டையைப்போலத் தூக்கிப்போய் ஒரு வகுப்பறை பெஞ்சில் வைத்தார். சுற்றிலும் கூட்டம். மைக்கில் ஒருவர் பெயர்களை வாசித்துக்கொண்டே இருந்தார். எதுவும் என் பெயராக இல்லை. இறுகிய மூட்டுக்கு அசைய வேண்டும் என்று ஒரு வெறி வரும். பட்டவர்களுக்குத்தான் அது தெரியும். முதலில் கால்விரலை அசைத்தேன். அம்மா பார்த்தாள். பிறகு பாதத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். அவள் கை வந்து என் முழங்காலை அழுத்தியது.

"ஆடாத."

"வலிக்குதும்மா. கொஞ்சம் நடக்கறேன்."

"நடக்காத. சும்மா குந்து."

என் வாழ்க்கையில் முதல் முறையாக அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. நட நட என்று விரட்டிய அதே வாய். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவள் ஒரு நிமிடம் உட்காரவில்லை. வாசலுக்குப் போனாள், மைக்கில் வாசித்தவரிடம் கேட்டாள், திரும்பி வந்தாள், புடவைத் தலைப்பை முறுக்கினாள், மறுபடி வாசலுக்குப் போனாள். மாமா டீ குடிக்கப் போவதும் வருவதுமாக இருந்தார். அந்த அறையிலேயே ஆடாமல் இருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான், என்னால்தான் அது முடியவே இல்லை.

ஒன்றுக்கு வந்தது. அப்படியாவது நடக்கலாம் என்று எழப்பார்த்தேன். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். நான்காம் வகுப்புப் படிக்கிற பெண்ணை இடுப்பில்! என் வயதுப் பையன்கள் பார்த்தார்கள். மானம் போயிற்று. அவள் தோளைக் கடித்துவிட்டேன். அவள் அப்படியே தூக்கிப்போய், அப்படியே தூக்கி வந்தாள்.

அதன்பிறகு எனக்குப் பேசவும் தெம்பு இல்லை. முனகிக்கொண்டிருந்தேன். அம்மா பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள்.

"போதும்டா. நான் குடுத்துடறேன். சான்றிதழும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"யக்கா, இன்னும் கொஞ்சம் பேருதான். இப்போ குடுத்தீன்னா, கொயந்த காலைலேர்ந்து பட்டதெல்லாம் வேஸ்ட்டாப் பூடும்."

அட்டையை உள்ளே வைத்தாள். திரும்ப எடுத்தாள். கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மாமா என்னைத் தூக்கிப்போய் டாக்டரின் மேஜைக்கு முன்னால் தரையில் இறக்கினார். முன்பு சிரித்தவர் இல்லை, இவர் வேறு டாக்டர். "நட பாப்பா" என்றார். நன்றாக நடந்து காட்டிவிட வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். நடந்துவிட்டால் இந்தச் சனியன் முடியும், வீட்டுக்குப் போகலாம். ஒரு அடி வைத்தேன். முழங்கால் வரவில்லை, உள்ளே ஏதோ கிழிவதுபோல வலித்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓவென்று கத்தினேன். வெளியே இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் எழுந்து வந்து என் முன்னால் குந்தி, வீங்கியிருந்த முழங்காலை மெல்லத் தொட்டார். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் புரட்டினார்.

"தினமும் காலையில இப்படித்தான் இருக்குமாம்மா?"

"தெனமும் சார்."

"இன்னைக்கு மாத்திரை போட்டாளா?"

மாமா தொண்டையைக் கனைத்தார். அம்மா தரையைப் பார்த்தாள். "இல்ல சார்" என்றாள்.

டாக்டர் அவளையே பார்த்தார். எல்லாம் போயிற்று என்று மாமாவின் முகம் சொன்னது. டாக்டர் நாற்காலிக்குத் திரும்பி எழுதத் தொடங்கினார். எழுதி, முத்திரை குத்தி, நிமிராமலே நீட்டினார்.

"முதல்ல போய் மாத்திரையைக் குடுங்கம்மா."

தாழ்வாரத்துக்கு வந்ததும் மாத்திரை கொடுத்தாள். பன் வாங்கிக் கொடுத்தாள். நட என்று அவள் சொல்லும் முன்பே நான் நடந்தேன். ஆட்டோவில் ஏறும்போது பாதி இளகியிருந்தது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. முன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"இன்னா அழுவ அழுத பாப்பா! நானே ஷாக்காயிட்டேன். சினிமாக்காரிங்கோ உங்கிட்ட டியூசன் வந்து கத்துக்கணும்."

நான் அழுததற்காக அதுவரை யாரும் என்னைப் பாராட்டியதில்லை. தினமும் அழுது தினமும் திட்டு வாங்கியவள் நான். கிடைத்த பேரை விட மனசு வரவில்லை.

"சும்மாதான் மாமா அழுதேன். நடிச்சேன்."

வெளிப்பக்கம் முகத்தை வைத்திருந்த அம்மா சட்டென்று திரும்பினாள்.

"நெஜமாவா? வலிக்கலியா?"

"இல்லம்மா. நடிச்சேன்."

"கீய எறக்குனப்பகூடவா?"

"கொஞ்சம்கூட வலிக்கல."

அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பாலம் தாண்டியதும் மறுபடி கேட்டாள். வீட்டுக்கு வந்து சோறு போடும்போது கேட்டாள். அப்பா வந்ததும் அவர் எதிரில் ஒருமுறை சொல்லச் சொன்னாள். நான் அலுக்காமல் சொன்னேன். கண்ணை எப்படி இடுக்கினேன், மேஜையை எப்படிப் பிடித்தேன் என்று ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றைச் சேர்த்தேன். கேட்கக் கேட்க அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. என் நடிப்பு அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.