ஆத்தா பேரும் என் பஸ் வாந்தியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே யோசனை. ஒவ்வொரு ஆடிக்கும் விளக்கேற்றிவிட்டுப் பேனாவை எடுப்பேன், அப்புறம் மாவு அரைக்கப் போய்விடுவேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். விஷயமோ ஆத்தாளையும் வாந்தியையும் பற்றியது. இரண்டையும் ஒரே தாளில் எழுத யாருக்குக் கை வரும்?

என் வீட்டுக்காரருடைய தங்கையை வெள்ளிமலையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கல்யாணத்துக்கு முன்னால் கள்ளக்குறிச்சியில் செல்போன் கடையில் இருந்தவள். லேப்டாப்பில் சத்தங்களை அறுத்து, இழுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி இசை செய்வாள். தாளம் இருக்காது, ராகம் இருக்காது. அவள் மாமியார் வீட்டில், "இன்னா, மிஷின் ரிப்பேரா?" என்று கேட்பார்களாம்.

அப்படிப்பட்டவளைப் புதுச்சேரியில், இந்த மாதிரி இசை செய்கிறவர்கள் கூடி வாசிக்கிற இடத்துக்குக் கூப்பிட்டார்கள். அவளை ஒருத்தர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. புதிதாக ஒன்று செய்து அனுப்பினால்தான் மேடை. நான் வெள்ளிக்கிழமை பஜனையில் முன்பாட்டு பாடுகிறவள். "உங்க தொண்டைதான் வேணும் அண்ணி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மலை பஸ் ஏறினேன். ரெக்கார்டிங்குக்குப் பட்டு எதற்கு என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

பஸ் சத்தமும் வேண்டும், போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தாள். வைத்துக்கொண்டேன். வளைவுகள் ஆரம்பித்ததும் வயிறு புரண்டது. ஜன்னலோரம் இருந்தவரைத் தள்ளிவிட்டுத் தலையை வெளியே நீட்டினேன். மேலே போய்ச் சேரும்வரை ஓயவில்லை. போனை யார் நினைத்தது?

அவள் வீட்டில் ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டு, மைக் முன்னால் நிற்க வைத்தாள். ஆத்தா மாரியம்மா தாயே என்று உருகிப் பாடினேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அடுத்த வாரம் லேப்டாப்போடு எங்கள் வீட்டுக்கு வந்து, ஹெட்போனை என் காதில் மாட்டினாள். ஆத்தா பேரைப் பொடிப்பொடியாக நறுக்கித் தூறல் மாதிரி தூவியிருந்தாள். அதற்கு அடியில் எதுவோ உறுமியது.

"இது இன்னாடி, சிங்கமா?"

"நீங்கதான் அண்ணி."

"நான் எங்கடி உறுமினேன்?"

"பஸ்ல. அத மெதுவா ஓட விட்டிருக்கேன்."

ஆத்தா பேருக்கு அடியில் என் வாந்தியா? "எடுத்துடு" என்றேன்.

"அத எடுத்தா மேல இருக்கறது எல்லாம் உழுந்துடும் அண்ணி. ஜீப்பு சத்தம், ஆலை சங்கு எல்லாம் வச்சிப் பாத்துட்டேன். எதுவும் தாங்கல."

"அப்போ என் பாட்டை எடு."

"அப்புறம் வாந்திதான் மிச்சம் இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள். "சரி, வரலைன்னு அவங்களுக்குச் சொல்லிடறேன். எப்பவும் போல மிஷின் ரிப்பேர் பண்ணிக்கினு இருக்கேன்."

அது சுருக்கென்று தைத்தது. "ஆத்தாளையே கேட்டுடலாம் வா" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

கோயிலில் பூ வைத்துக் கேட்பது எங்கள் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் உறுமல் இருக்கட்டும், சிவப்பு வந்தால் எடுத்துவிட வேண்டும். என்ன வேண்டுதல் என்று பூசாரி கேட்டார். "குடும்ப விஷயம்" என்று சொல்லி வைத்தேன். அவர் எடுத்தது வெள்ளை. சரியாகக் குலுக்கவில்லை என்றேன். மறுபடியும் வெள்ளை. இரண்டிலும் வெள்ளையே இருக்குமோ என்று பிரித்தே பார்த்துவிட்டேன். அரளி சிவப்பாகத்தான் இருந்தது. "இன்னொரு தபா" என்றேன்.

நாத்தனார் என் காதோரம், "சாமிகிட்ட போயி டாஸ் போட்டுக்கினு இருக்கீங்களே அண்ணி, இது இன்னா கிரிக்கெட்டா?" என்றாள்.

மூன்றாவதும் வெள்ளை. "போதும்மா, ஆத்தாளுக்கு வேற வேலை இருக்கு" என்றார் பூசாரி. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

புதுச்சேரி மேடையில் எனக்கு ஒரே வேலைதான். அவள் கண்ணைக் காட்டும்போது ஒரு குமிழைத் திருகி உறுமலை ஏற்ற வேண்டும். அவள் கண்ணைக் காட்டினாள். என் கை வரவில்லை. அத்தனை பேர் நடுவில் என் வாந்தியை நானே எப்படிக் கூட்டுவது? மேலே நறுக்கிய பேர் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவுமில்லை. ஒயரைச் சுற்றினபோது இருந்த அதே முகம். திருகிவிட்டேன்.

தரை அதிர்ந்தது. ஆத்தா பேர் அதன்மேல் வந்து உட்கார்ந்தது. நான் குமிழை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டேன். உறுமல் இறங்காமல் உச்சத்திலேயே நின்றது. அதையும் இசையென்றே எடுத்துக்கொண்டார்கள், புண்ணியவான்கள். அவளை இப்போது வேறு ஊர்களுக்கும் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் எங்கள் பஜனைக்குள் கதை வளர்ந்துவிட்டது. ஆத்தாளுடைய சிங்கமே என் தொண்டையில் வந்து உறுமியதாம். போன மாசம் ஒரு அம்மா, குழந்தைக்குத் திருநீறு போடச் சொல்லி என் வாசலில் வந்து நின்றாள். அதனால்தான் இப்போதாவது எழுதுகிறேன். ஆத்தா சம்மதம் கொடுத்தாள், அதை நான் முழுசாக நம்புகிறேன். உறுமினது நான். படிக்கிறவர்கள் இதைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது சிங்கத்தைச் சேர்க்காதீர்கள், வாந்தியை நீக்காதீர்கள். மரியாதைக்காக வாந்தியை மயக்கம் என்று மாற்றவும் வேண்டாம். எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.