வீரம்மாவுக்குத் தொண்டை கட்டிய நாள்

கல்லுப்பாலத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் பனி இறங்கிவிட்டால், ஆறாம் நம்பர் மலையில் பக்கத்து நிரையில் நிற்பவரின் முகம்கூடத் தெரியாது. அப்போதும் வீரம்மா எங்கே நிற்கிறார் என்று யாரும் தேடியதில்லை. குரல்தான் இருக்கிறதே.

நான் கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றுகிறவன். லொறி வரும்வரை ரோட்டோரத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அந்த வேலையில் பாதி. இந்தக் கதையில் பெரும்பகுதியை அப்படி உட்கார்ந்தபடியேதான் பார்த்தேன்.

வீரம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. குட்டையான உருவம். இடுப்பில் படங்குத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் செடிகளுக்குள் இறங்கினால் தலைத்துண்டு மட்டும் பச்சைக்கு மேலே மிதந்து போகும். பதினெட்டு வயதில் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்தவர். கணவர் சோலைமலை, முற்றிய தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். "எங்க வீட்டுல ரேடியோ இல்லைங்க, தேவப்படல" என்பார் அவர், யார் வந்தாலும். வீரம்மா அடுப்படியிலிருந்தே பதில் கொடுப்பார்: "ரேடியோவயாவது நிறுத்திப் போடலாம், இல்லையா?"

அவர் மாதர் சங்கத் தலைவியானது ஆறு வருடங்களுக்கு முன். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பெண் தலைவியின் பெயர் வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைமைக் காரியாலயத்திலிருந்து படிவம் வந்திருந்தது. எங்கள் தோட்டத் தலைவர் கணேசமூர்த்தி கோயில் மண்டபத்தில் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். எத்தனை பேருக்குத் தேத்தண்ணி என்று கேட்க வீரம்மா உள்ளே எட்டிப்பார்த்தார். தலைவர் அந்த இடத்திலேயே பெயரை எழுதிவிட்டார்.

"கையெழுத்த மட்டும் போடு தங்கச்சி. வேல ஒண்ணும் இருக்காது."

சொன்னபடியே ஐந்து வருடங்கள் வேலை ஒன்றும் இருக்கவில்லை. கூட்டத்துக்கு வருகிற பெரியவர்களுக்குச் சந்தனம் நீட்டுவார், மாலை போடுவார், பிறகு மேடையின் கடைசிக் கதிரையில் உட்காருவார். மே தினத்துக்கு ஹட்டனுக்குப் போகிற பஸ்ஸில் மட்டும் அவர்தான் ராணி. அவர் கோஷம் போட்டால் ஊர்வலத்தின் முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆனால் அந்தக் குரலுக்கு மலையில் வேறொரு உத்தியோகம் இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து பெண்கள் ஆறாம் நம்பருக்கு ஏறியதும், ரோட்டோரத்து மலைச்சாமிக் கல்லில் ஒரு கற்பூரம் வைப்பார்கள். பிறகு வீரம்மா கை நிறைய முதல் கொழுந்தை எடுத்து, விளைச்சல் பெருகட்டும் என்று "பொலியோ பொலி!" என்பார். நாற்பது குரல்கள் "பொலி!" என்று திருப்பிச் சொல்லும். அதன் பிறகுதான் மற்றவர்களின் விரல்கள் செடியில் படும். பொலி சொல்லாமல் யாரும் ஒரு துளிரையும் கிள்ளுவதில்லை.

மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஜெயகாந்தன், வந்த புதிதில் இதை மாற்றப் பார்த்தார். "நேரம் போவுது, எடுங்க எடுங்க" என்று ஒருநாள் பொலிக்கு முன்னாலேயே அவசரப்படுத்திச் செடிக்குள் கம்பை விட்டு அடித்துக் காட்டினார். உள்ளே குளவிக் கூடு. கண்டாக்கு மலையிறங்கிய வேகத்தில் ஒரு சப்பாத்து ஆறாம் நம்பரிலும் மற்றது நாலாம் நம்பரிலும் கிடந்தன. அன்றிலிருந்து பொலி கேட்கும்வரை அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் கக்கூஸ்.

ஆறாம் நம்பரிலிருந்து லயத்து வீடுகளுக்கு இறங்கி ஏற முக்கால் மணி நேரம் பிடிக்கும். மலையின் ஓரத்தில் மானாப்புல் காடு. அட்டை, பாம்பு, போன மாசி மாதம் ஒரு சிறுத்தை. பெண்கள் காலையில் தேத்தண்ணிப் போத்தல்களை என் பக்கத்தில் ரோட்டோரத்தில் வரிசையாக வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் எடுக்கும்போது பாதிக்கு மேல் நிரம்பியே இருக்கும். ஆறிப்போன தேத்தண்ணியை அப்படியே ரோட்டோரக் கானில் ஊற்றுவார்கள். ருசி சரியில்லை போலும் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆண்பிள்ளைக்கு அவ்வளவுதான் புத்தி.

சித்திரை வெயிலில் ஒருநாள் சுலக்ஷனா மயங்கி விழுந்தாள். கல்யாணமாகி வந்து எட்டு மாதமான பெண். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்ட வீரம்மா, "காலையில இருந்து என்ன குடிச்ச?" என்று கேட்டார்.

"ஒண்ணும் குடிக்கல மாமி. குடிச்சா போவணுமே. அந்தக் காட்டுக்குள்ள என்னால போவ முடியாது. அடுத்த மாசத்தோட வேலைய விட்டு நின்னுடுறேன்."

"நீ நிக்க வேணாம். கக்கூஸ் இங்க வரும்."

"எப்ப மாமி?"

"நீ போத்தல் தண்ணியப் பூரா குடிக்கிற அன்னைக்கு."

நாற்பது பேர் கேட்கச் சொன்ன வாக்கு. நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது, குரல் அப்படி.

அன்றைக்கே தலைவரிடம் போனார். கணேசமூர்த்தி கெட்ட மனிதர் இல்லை. கோப்புத்தான் அவர் உயிர். தொரையிடம் கொண்டுபோகிற கோரிக்கைகளில் பன்னிரண்டாவதாக இதையும் எழுதிக்கொண்டார். தோட்டத்து மனேஜரை இன்னும் தொரை என்றுதான் சொல்கிறோம். கண்டிப் பக்கத்துச் சிங்கள இளைஞர், எங்களோடு தமிழில் பேச முயல்கிறவர். தலைவர் உள்ளே போய் வந்தார்.

"பாப்போம்னு சொன்னாரு."

இரண்டாவது தடவையும் போய் வந்தார். "கட்டாயம் பாப்போம்னு சொன்னாரு."

"அண்ணே, நான் உள்ள வந்து பேசுறேனே" என்றார் வீரம்மா.

"சும்மா இரு தங்கச்சி. கக்கூஸ் விஷயத்தப் போயி ஒரு பொம்பள தொரகிட்ட எப்படிப் பேசுறது?"

"போறது நாங்க. பேசுறது மட்டும் நீங்களா?"

தலைவர் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்ல நழுவினார்.

இடையில் மே தினம் வந்தது. கோபத்தையெல்லாம் ஹட்டன் பஜாரில் கோஷமாகப் போட்டுவிட்டு வந்த வீரம்மாவுக்கு மறுநாள் காலை குரலே இல்லை. மலைச்சாமிக் கல்லுக்கு முன் நின்று வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. நாற்பது பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கண்டாக்கு தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பனி மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்து, கூட்டத்தில் நின்ற ராக்காயி எங்கிருந்தோ கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்து குடிக்க வைத்த பிறகுதான், தகரத்தில் ஆணி கீறியதுபோல ஒரு "பொலி" வந்தது.

அந்தக் கால் மணி நேரத்தில் வீரம்மாவின் கண்கள் ஒவ்வொரு முகமாகப் போய் வந்ததை நான் பார்த்தேன். என்னவோ கணக்குப் போடுகிறார் என்று மட்டும் தெரிந்தது.

இரண்டு கிழமை கழித்துத் தலைவர் மூன்றாம் தடவையாக "பாப்போம்" கொண்டுவந்தார். அடுத்த திங்கட்கிழமை காலையில் கற்பூரம் எரிந்து முடிந்தது. வீரம்மா கொழுந்தில் கை வைக்கவில்லை.

"என்ன அக்கா?" என்றார் கண்டாக்கு.

"தொண்ட கட்டிக்கிச்சுங்க ஐயா!"

அந்தச் சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது.

"நல்லாத்தானே பேசுறீங்க?"

"பேச வருது. பொலி வர மாட்டேங்குது!"

கண்டாக்கு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "அப்ப வேற யாராவது சொல்லுங்கம்மா. ராக்காயி அக்கா?"

"எங் குரலு மலைச்சாமிக்குப் புடிக்காதுங்க."

"ராசம்மா?"

"பல்லு வலி ஐயா." ராசம்மாவுக்கு இரண்டு பற்கள்தான் பாக்கி.

கடைசியில் கண்டாக்கு தானே கண்ணை மூடிக்கொண்டு, "பொலியோ பொலி" என்று சொல்லிப் பார்த்தார். குடத்துக்குள் விழுந்த கோழிக்குஞ்சின் குரல். மலை முழுக்கச் சிரித்தது. யாரும் திருப்பிச் சொல்லவில்லை. அவர் போனை எடுத்தார்.

தலைவர்தான் முதலில் மூச்சிரைக்க ஏறி வந்தார். "சங்கத்துக்குத் தெரியாம ஸ்ட்ரைக்கா? என்ன தங்கச்சி இது?"

"யாருங்கண்ணே ஸ்ட்ரைக் செய்யிறா? எல்லாரும் வேலைக்கு வந்து நிக்கிறோம். தொண்டதான்."

பிறகு தொரை மோட்டார் சைக்கிளில் வந்தார். "என்ன வீரம்மா? ஏன் வேலை தொடங்க இல்லே?"

வீரம்மா ரோட்டோரத்துப் போத்தல் வரிசைக்கு வந்தார். "தொரைங்க இந்தக் குளிர்ல வந்திருக்கீங்க. மொதல்ல தேத்தண்ணி குடிங்க" என்று சுலக்ஷனாவின் போத்தலை எடுத்துக் கோப்பையில் ஊற்றினார். தொரை குடித்தார். ராக்காயி தன் போத்தலோடு வந்தார்: "அவ கையால குடிச்சிட்டு எங் கையால குடிக்க மாட்டீங்களா?" அதையும் குடித்தார். ராசம்மாவுடையது இஞ்சி போட்டது. மறுக்க முடியாத மரியாதை. ஐந்தாவது கோப்பையில், "ஹரி, ஹரி, போதும்" என்று, சரி என்பதைச் சிங்களத்திலேயே சொல்லி, கையை எடுத்துக் கும்பிட்டார்.

அதன் பிறகு வீரம்மா பேசத் தொடங்கினார். கக்கூஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. போன வருட மழை, கோயில் திருவிழா, தொரையின் அம்மாவுக்குச் சுகமா என்று நீண்டுகொண்டே போனது. குளிர். ஐந்து கோப்பை. முக்கால் மணி நேரத்தில் தொரை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறி நிற்கத் தொடங்கினார். மானாப்புல் பக்கம் ஒரு பார்வை போனது. அந்தப் பக்கம் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரோட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே பதினைந்து பேர். அவர் இரண்டடி எடுத்து வைத்தால் எல்லோரும் மரியாதைக்கு எழுந்து நின்றார்கள்.

"எங்க போறீங்க தொரை?"

"இல்ல... சும்மா..."

"கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார் வீரம்மா, மெதுவாக. அவருக்கு மெதுவாகவும் பேச வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "நாலரைக்கு எப்படியும் மலை எறங்கிடுவோம். நாங்க தெனமும் அப்படித்தான்."

தொரை அவரைப் பார்த்தார். போத்தல்களைப் பார்த்தார். முகம் காதுவரை சிவந்து, பிறகு எங்களில் யாரும் எதிர்பாராதபடி சிரித்துவிட்டார்.

"வீரம்மா, நாளைக்கு ஆபீசுக்கு வாங்க. நீங்க வாங்க. இப்ப நான் போக வேணும்!"

மோட்டார் சைக்கிள் வளைவில் மறையும் முன்பே பொலி கேட்டது. அப்படி ஒரு பொலியை அந்த மலை அதற்கு முன் கேட்டிருக்காது.

மறுநாள் தோட்டத்துக் காரியாலயத்தில் கணேசமூர்த்தி தன் கோப்பைக் கதிரையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கதிரையை வீரம்மா பக்கம் தள்ளினார். கக்கூஸுக்கு வரைபடத்தில் ஆண்கள் குறித்திருந்த இடம் ரோட்டோரம், கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில், கதவு ரோட்டைப் பார்த்தபடி. வீரம்மா வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பி, "கதவு இந்தப் பக்கம். தண்ணி மேல ஊத்துப் பீலியில இருந்து கொழாய்ல வரும்" என்றார். தொரை குறித்துக்கொண்டார். சீமெந்தும் கல்லும் தோட்டம் தருவதாயிற்று. வேலைக்கு, பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் எங்கள் பிரிவின் ஆண்கள் எல்லோரும் கூலியில்லாத சிரமதானத்துக்கு வந்தார்கள். தோட்டத்தில் உள்ள மூன்று சங்கத்துக்காரர்களும் ஒரே கல்லைச் சுமந்த நாள் அதுதான். சோலைமலை குழி வெட்டினார்.

அக்கரப்பத்தனை பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ராசிக் நானா கக்கூஸ் கோப்பையைத் தன் ஆட்டோவிலேயே கொண்டுவந்து இறக்கினார். கதவுக்குப் பூச்சும் அவர் கொடுத்ததுதான்.

"என்ன கலர் வேணும் அக்கா? சேப்பு இரிக்கி, நீலம் இரிக்கி, பச்ச இரிக்கி."

மூன்றும் மூன்று சங்கங்களின் கொடி நிறம். சுற்றி நின்ற ஆண்கள் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள்.

"இந்த மூணும் வேணாம் நானா. கக்கூஸுக்குள்ளயாவது நாங்க நிம்மதியா இருக்கணும்."

மஞ்சள் பூசினார்கள். பனியிலும் தெரிகிறது.

திறப்பு நாளில் தலைவர் ரிப்பனும் கத்தரிக்கோலும் கொண்டுவந்து, வெள்ளைச் சட்டையில் நின்றார். வீரம்மா கத்தரிக்கோலை வாங்கிச் சுலக்ஷனா கையில் கொடுத்தார். அவள் வெட்டினாள். பிறகு ரோட்டோரம் வந்து, என் பக்கத்தில் இருந்த தன் போத்தலை எடுத்து, எல்லோரும் பார்க்க நின்றபடி கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அன்று சாயங்காலம் வரிசையில் எல்லாப் போத்தல்களும் காலி. சாக்கு ஏற்றும்போது காற்றில் இரண்டு உருண்டு போய், ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

நேற்றுப் பத்து மணிக்கு மஞ்சள் கதவுக்கு முன் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். கண்டாக்கு கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். வீரம்மா வரிசையின் நீளத்தைப் பார்த்தார், பிறகு கண்டாக்கைப் பார்த்தார், லேசாக ஒருமுறை செருமினார்.

கண்டாக்கு தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"அக்கா... தொண்டைக்கு என்ன? ஒண்ணும் இல்லையே? இன்னொண்ணு கட்ட நானே தொரகிட்ட சொல்றேன். இஞ்சி ஏதாச்சும் போட்டுக் குடிங்க அக்கா."