பட்டாம்பூச்சிக் கூடத்தில் மருந்தடித்தவன்

மருந்தடித்தது நான். பழியைச் செல்வி மேல் போட்டேன்.

நில உச்சவரம்புச் சட்டத்தில் போனது போக மிஞ்சிய இடத்தில், மயிலாடுதுறை சாலையோரம் நர்சரி வைத்திருந்தேன். குடும்பத்தோடு வருகிறவர்களுக்காக வலை கட்டி, எலுமிச்சையும் கறிவேப்பிலையும் நட்டு, பட்டாம்பூச்சிகளை உள்ளே விட்டு, கூடம் அமைத்தேன். எத்தனை செடி மாற்றினாலும் புழு இலையை அரித்துக்கொண்டே இருந்தது. திறப்பு நாளுக்கு முந்தைய மாலை, எரிச்சலில் தெளிப்பானைத் தூக்கிவிட்டேன். நெல் வயலில் பழகிய கை.

செடிகளைக் கவனித்துவந்த செல்வி ஓடி வந்தாள். "ஐயா, அந்தப் புழுதானே பட்டாம்பூச்சியா வரும்? அடிக்காதீங்க."

"எனக்கே பாடம் எடுக்குறியா?" என்று சொல்லி மருந்தைத் தெளித்தேன்.

மறுநாள் வந்த குழந்தைகள் செத்த பட்டாம்பூச்சிகளைத் தரையிலிருந்து பொறுக்கினார்கள். ஒரு தாய் கோபமாகக் கேட்டதும், "வேலைக்காரப் பொண்ணு தெரியாம மருந்தடிச்சிட்டா" என்றேன். பக்கத்தில் நின்ற செல்வி அப்போதே வேலையை விட்டுப் போய்விட்டாள். பேச்சு பரவி, வேறு நர்சரிகளிலும் அவளைச் சேர்க்கவில்லை.

அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே" என்றாள்.

அதன்பின் நர்சரி வாசலில் பலகை வைத்தேன்: 'பட்டாம்பூச்சிகள் இறந்ததற்குச் செல்வி காரணமல்ல.' கேள்விப்பட்டு வந்து நின்று படித்தாள்.

"நான் இல்லன்னு போட்டிருக்கீங்க. யாருன்னு போடலியே, ஐயா?"

அவள் எதிரிலேயே என் பெயரை எழுதினேன். படித்தவன்தான், ஒரு வரி உண்மையை முழுதாக எழுத எனக்கு இரண்டு தடவை ஆயிற்று. அடுத்த வாரம் பக்கத்து நர்சரியில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். என்னிடம் திரும்ப வரச் சொல்லிக் கேட்க, எனக்கு வாய் வரவில்லை.