‘முடிந்தது’ என்ற கட்டம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சொன்னதையே திரும்பச் சொல்வேன், நாள் கிழமை மறந்துபோகும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை...

எங்கள் குழுவின் பிளாக்கில் என் ஓரகத்தி வீட்டு விஷயம் வெளியானதே, அதை மெஷின் தானாகப் போடவில்லை. நான் போட்டேன். என் விரல்தான் செய்தது!

ஏன் செய்தேன்? பொறாமை. வேறு நல்ல சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர் எங்களுடையது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து வத்தல், கம்பு, குதிரைவாலி எல்லாம் பாக்கெட் போட்டு விற்கிறோம். கணக்குப் பார்க்கிற வசந்திதான் இணையத்தில் எங்களுக்கென்று பிளாக்கைத் தொடங்கினாள். நாங்கள் சமையல் பக்குவத்தைப் போனில் பேசுவோம். போன் அதை எழுத்தாக்கும். அந்த எழுத்து, டேப்லெட்டில் இருக்கும் வேலைப் பலகையில் ஓர் அட்டையாக வந்து நிற்கும்.

பலகையில் மூன்று கட்டங்கள். ‘வந்தது’, ‘சரிபார்க்க’, ‘முடிந்தது’. போன் தப்பாக எழுதியதைத் திருத்துவது என் வேலை. கொள்ளுப் பயறை நாங்கள் காணம் என்போம். போனோ ஒவ்வொரு தடவையும் ‘காணோம்’ என்று எழுதும்! நான் திருத்தியதை வசந்தி பிளாக்கில் கையால் ஏற்றுவாள். ஏற்றியபின் அட்டையை ‘முடிந்தது’ கட்டத்துக்கு இழுத்துவிடுவாள். அங்கே போன அட்டை கண்ணை விட்டு மறைந்துவிடும்.

ஆகவே முடிந்தது என்றால் கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பிறகு நான் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்ளக் கோவில்பட்டிக்குப் போயிருந்த சமயம், வசந்தி எதையோ மாற்றிவிட்டாள். திரும்பி வந்ததும் சந்தோஷமாகச் சொன்னாள்.

“பெரியம்மா, பலகையையும் பிளாக்கையும் ஒண்ணோட ஒண்ணு சேத்துட்டேன். இனி அதுவே பாத்துக்கிடும். வெளங்குதா?”

தலையாட்டினேன். எது எதைப் பார்த்துக்கொள்ளும்? கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம். ஆயுசு முழுக்கத் தலையாட்டியே வந்த எனக்கு அன்று மட்டும் வாய் எங்கிருந்து வரும்?

என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுந்தனார் பெண்சாதி. அவள் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். வத்தலைக் காயப்போடுவதைச் சொன்னால்கூடக் கல்யாணக் கதை மாதிரி இருக்கும். அவள் பக்குவத்தின் கீழே வெளியூரிலிருந்தெல்லாம் எழுதுவார்கள். ‘அம்மா கையால் சாப்பிட்ட மாதிரி இருக்கிறது’ என்று. என்னுடையதின் கீழே ஒரே ஒருவர், ‘நன்று’ என்று எழுதியிருந்தார். அதுவும் வசந்திதான்!

ஒரு நாள் எல்லாரும் இருக்கும்போது நான் போனில் கம்பங்கூழ் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓரகத்தி சிரித்துவிட்டாள்.

“ஏக்கா, நீ பேசுத வேகத்துக்குப் போனு கொட்டாவி விடுது பாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் அவளுடைய காணத் துவையல் அட்டை. சரிபார்க்க உட்கார்ந்தேன். ‘இது எங்க மாமியா எனக்குச் சொல்லிக் குடுத்தது’ என்று தொடங்கியது. பொய்! அவள் மாலையும் கழுத்துமாக வந்தபோது காணத்தை வறுக்கத் தெரியாமல் கருக்கினாள். பக்கத்தில் நின்று, வாசம் வந்ததும் இறக்கு என்று கற்றுக்கொடுத்தவள் நான். மாமியார் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த முதல் பத்தியில் எங்காவது ‘எங்க அக்கா’ என்று ஒரு சொல்... தேடினேன். காணோம். இந்த முறை போன் தப்பாக எழுதவில்லை.

அதோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். இது யார் கண்ணிலும் படக் கூடாது என்று தோன்றியது. அழிக்கத் தெரியாது. மறைக்கத் தெரியும். அட்டையை விரலால் அழுத்தி, ‘முடிந்தது’ கட்டத்தில் கொண்டுபோய் விட்டேன்.

டேப்லெட் ‘டிங்’ என்றது. பிளாக் திறந்தது. அதில் காணத் துவையல்! வசந்தி சேர்த்துவைத்தது இதைத்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

இதுவரைக்கும் தெரியாமல் செய்தது. இனிமேல் சொல்லப்போவதுதான் என் குற்றம். கேளுங்கள்.

திடுக்கிட்டு முழுவதும் படித்தேன். கடைசியில், பக்குவம் முடிந்த பிறகும் எழுத்து ஓடியது. போனை நிறுத்தாமல் அவள் வசந்தியிடம் பேசிய வீட்டுப் பேச்சையும் போன் எழுதிவைத்திருந்தது. மருமகனிடம் இருந்த ஒரு பழக்கம், அதை மருந்து கொடுத்து நிறுத்தியிருப்பது, கோபித்துக்கொண்டு வந்து இருக்கும் மகளை வருகிற புதன்கிழமை சம்பந்தி வீட்டார் அழைத்துப்போக வருவது. அதற்கு மேல் நான் இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை எழுதி வெளியானது போதும். சரிபார்ப்பவள் நீக்கியிருக்க வேண்டிய வரிகள் அவை. அந்தச் சரிபார்ப்பவள் நான்.

வசந்தி அடுத்த அறையில் வத்தல் நிறுத்துக்கொண்டிருந்தாள். “ஏட்டி வசந்தி” என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். உடனே எடுத்திருப்பாள்.

கொடுக்கவில்லை...

கடலைமிட்டாயை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்ட மாதிரி அந்தச் சேதியை ஒதுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இனிப்பாக இருந்தது. பெரிய பேச்சுக்காரிக்கும் வீட்டில் இப்படித்தானா என்று இனிப்பாக இருந்தது! நீங்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி.

மறுநாள் மருமகனின் தங்கை பிளாக்கைப் படித்துவிட்டுக் கோவில்பட்டியிலிருந்து போனில் கத்தினாளாம். என் ஓரகத்தி தலையை விரித்துப்போட்டுக்கொண்டு குழுவுக்கு ஓடி வந்தாள்.

“ஏட்டி வசந்தி! நம்பிச் சொன்ன சொல்ல ஊருக்கே வித்துட்டியேட்டி! அவிய இனிமே எம் மகளக் கூப்பிட வருவாவளா?”

“சித்தி, சத்தியமா நான் போடல. மெஷினு தானா போட்டுட்டு.” வசந்தி அழுதாள். யார் இழுத்தது என்று பலகையில் தேடினாள். நாங்கள் எல்லாரும் ‘குழு’ என்ற ஒரே பெயரில்தான் உள்ளே போவோம். அதில் ‘குழு’ என்றுதான் இருந்தது.

ஓரகத்தி என் பக்கம் திரும்பினாள். “ஏக்கா, நீதான பாக்குதே? ஒனக்கு ஏதும் தெரியுமாக்கா?”

“எனக்கு என்னட்டி தெரியும்? நான் படிக்காதவ.”

அதை நம்பினாள். யார்தான் நம்பமாட்டார்கள்! கூச்சப்பட்ட கிழவி, டேப்லெட்டில் எழுத்தைத் திருத்துவதற்கு மேல் எதையும் தொடப் பயப்படுகிறவள் என்று பெயர் எடுத்திருந்தேனே. எழுத்தறிவு போதாது என்பதை நான் ஆயுசில் ஒருமுறைதான் பெருமையாகச் சொன்னேன். அது அன்றைக்கு.

புதன்கிழமை யாரும் வரவில்லை. பிறகும் வரவில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குப் போகாததும் நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அந்தப் பெண். நான் யார்?

வசந்தி இணைப்பைப் பிரித்துவிட்டாள். பழையபடி ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றுகிறாள். மெஷினைச் சேர்த்தது தன் தப்பு என்றே இன்றும் நினைக்கிறாள். என் ஓரகத்தி போனை வாய்க்கருகில் கொண்டுபோவதே இல்லை. அவள் இடத்தில் இப்போது நான் பேசுகிறேன். ‘அம்மா கையால் சாப்பிட்ட மாதிரி’ என்று எனக்கும் ஒருவர் எழுதிவிட்டார். அதன் கீழேயே இன்னொருவர், ‘காணத் துவையல் அம்மா எங்கே? அவர் ஏன் எழுதுவதில்லை?’ என்று கேட்டிருந்தார்.

அதைப் படித்ததும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? அழுகை இல்லை. மறுபடியும் பொறாமை! இவ்வளவுக்கும் பிறகு!

ஓரகத்தி மகள் இப்போது குழுவில் என் பக்கத்தில் உட்கார்ந்து வத்தல் பாக்கெட் போடுகிறாள். டீ வந்தால் முதல் கிளாஸ் எனக்கு. “பெரியம்மா, கண்ணு கூசுதுன்னா சொல்லுங்க. அட்டைய நான் வாசிக்குதேன்” என்கிறாள். வாசிக்கவும் செய்கிறாள், அவள் அம்மாவைப் போலவே ஏற்ற இறக்கத்தோடு.

இதையும் ஓர் அட்டையாகத்தான் எழுதியிருக்கிறேன். ‘சரிபார்க்க’ கட்டத்தில் விட்டிருக்கிறேன். அவளே வாசிக்க நேரலாம். நேரட்டும்.

யாராவது இதைச் சரிபாருங்கள். வந்து அழைப்பதாகச் சொன்னது புதன்கிழமைதானா, வெள்ளிக்கிழமையா? அன்று வசந்தி நிறுத்தது வத்தலா, மல்லியா? நான் மாற்றிச் சொல்லியிருப்பேன், திருத்திவிடுங்கள். செய்தது யார் என்ற இடத்தை மட்டும் தொட வேண்டாம், அது சரியாக இருக்கிறது. திருத்தி, பிளாக்கில் ஏற்றி முடித்ததும் அந்தக் கடைசிக் கட்டத்துக்கு நீங்களே இழுத்துவிடுங்கள்... எனக்கு விரல் வரவில்லை.