தேனியில் ‘ஸ்டேஷன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

போன மாதம் என் அக்கா பிலோமினாவை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவளுக்குச் சிறுநீரகத்தில் கல். எங்கள் ஊர் அனுமந்தன்பட்டியிலிருந்து வருடக்கணக்காகப் பேருந்தில் வேலைக்குப் போய் வந்த ஆசிரியை. வழியில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமலே பழகியவள். கல் வராமல் என்ன செய்யும்? இனி மணிக்கொரு தரம் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்று உள்ளூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரயிலில் கழிப்பறை உண்டு, அதனால் ரயில்தான் என்று முடிவு செய்தேன்.

இந்த மதுரை–தேனி ரயில் பாதையின் கதையைக் கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும். வெள்ளைக்காரன் போட்ட தண்டவாளத்தை இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடி போட்டார்கள். அப்புறம் அகலப்பாதையாக்குகிறோம் என்று 2010 கடைசியில் மூடியவர்கள், தேனிக்கு மறுபடி ரயில் விட்டது 2022இல். எழுபத்தைந்து கிலோமீட்டர் பாதைக்கு இத்தனை வருடம்.

சரி, விட்டார்களே, எப்படி விட்டார்கள்? தினசரி ரயில் காலையில் மதுரையிலிருந்து வருகிறது, சாயங்காலம் மதுரைக்குப் போகிறது. காலையில் மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்ப நினைக்கும் எங்கள் ஆட்களுக்கு இதனால் என்ன பயன்? யாருக்காக நேரம் குறித்தார்களோ தெரியவில்லை. நாங்கள் முதல் நாள் சாயங்காலமே கிளம்ப வேண்டியதாயிற்று.

அனுமந்தன்பட்டியிலிருந்து தேனிக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர், பேருந்தில் ஒரு மணி நேரம். அதுவரை அக்கா தொண்டையை நனைக்கவில்லை. தேனியில் இறங்கியதும், இனி ரயில்தானே என்ற தைரியத்தில் ஒரு லிட்டர் பாட்டிலைக் காலி செய்தாள். ரயில் ஆறே காலுக்கு. ஐந்தே முக்காலுக்கு ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னேன். வலியில் சுருங்கியிருந்த அக்கா முகத்தை ஓட்டுநர் ஒரு தரம் பார்த்தார். பேரம்கூடப் பேசாமல் விரட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். போலீஸ் ஸ்டேஷன் வாசலில்!

“எறங்குங்கண்ணே. எஸ்.ஐ. உள்ளதான் இருக்காக” என்றார்.

ரயிலுக்கு என்றதும் அவர் பதறிப்போனார். “அத ரயில்வே ஸ்டேஷன்னுல்லண்ணே சொல்லணும். இங்கன ஸ்டேஷன்னா இதுதான்.” அவரை எப்படித் திட்டுவது? பதினோரு வருடத்துக்கு மேல் ரயிலே வராத ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு என்ன அர்த்தம் மிஞ்சியிருக்கும்? வண்டியைத் திருப்பிப் பறந்தார். வழியில் ரயில்வே கேட் மூடிவிட்டது. எங்கள் ரயிலுக்காகத்தான். நாங்கள் ஏறவேண்டிய பெட்டிகள் எங்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாகப் போயின.

வேறு வழியில்லாமல் மதுரைப் பேருந்தில் ஏறினோம். ஆண்டிபட்டி தாண்டிக் கணவாயில் ஏறும்போது அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். கண்டக்டரிடம் கெஞ்சி வண்டியை நிறுத்தினேன். பேருந்து நிறைய ஜனம் பார்த்திருக்க, அத்தனை வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் சாலையோரப் புதரைத் தேடிப் போனாள். திரும்பி வந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தவள் உசிலம்பட்டி தாண்டித்தான் அதை விலக்கினாள். எனக்கு ரத்தம் கொதித்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றுதான் தெரியவில்லை.

இந்த வழியில் போக இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆட்டோவில் ‘ரயில்வே ஸ்டேஷன்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். கேட்டுக்காக அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நேரங்கள் மாறலாம், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் பேருந்தைவிட மலிவு, வழியும் அழகு. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

டாக்டரைப் பார்த்து, இன்னொரு ராத்திரியும் தங்கி, மறுநாள் காலை ரயிலைப் பிடித்தோம். நல்ல ஜன்னலோர இருக்கை. எழுந்து நாலு எட்டு வைத்தால் கழிப்பறை, சுத்தமாகவும் இருந்தது. பாட்டிலைத் திறந்து அக்காவிடம் நீட்டினேன். டாக்டர் என்ன சொன்னார் என்று நினைவூட்டினேன்.

அக்கா வாங்கவில்லை.

“சொன்னாக, சரிதான். தேனியில எறங்குனா ஊருக்குப் பஸ்லதான தம்பி போகணும்?”